ஏ.இ.எஸ். டேக் வாங்கினால் பெட்டி குறைவது நிற்குமா?

நூலிழை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பின்னலாடை தைத்து ஏற்றுமதி செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் பேக்கிங், டெஸ்பாட்ச் ஆகிய இரு பிரிவுகளையும் கவனித்து வருகிறேன். எங்கள் சரக்கு தொழிற்சாலை வாசலிலேயே கன்டெய்னரில் ஏற்றப்பட்டு, இ-சீல் போடப்பட்டு, நேராகத் தூத்துக்குடிக்குச் செல்கிறது. ஆடை ஒவ்வொன்றிலும் வெளிநாட்டு வாங்குநர் குறிப்பிட்ட இடத்திலிருந்து தருவித்த, ரேடியோ அலையால் தொடாமலே படிக்கக்கூடிய ஆர்.எஃப்.ஐ.டி. டேக் இருக்கும், கார்ட்டன் பெட்டியின் மேல் நாங்கள் அச்சிடும் பார்கோடு ஸ்டிக்கர் இருக்கும், கன்டெய்னர் கதவில் அந்த இ-சீல், அதாவது சுங்கத்துறை கேட்கும் ஆர்.எஃப்.ஐ.டி. போல்ட் சீல், இருக்கும்.

சென்ற பருவத்தில் ஒரு கன்டெய்னரில் மூன்று பெட்டிகள் குறைவதாக வாங்குநரின் கிடங்கிலிருந்து தகவல் வந்தது, அதைத் தொடர்ந்து அந்தத் தொகையைக் கழிக்கும் டெபிட் நோட்டும் வந்துவிட்டது. சீல் துறைமுகத்திலும் சரி, அங்கே இறக்கும்போதும் சரி, உடையாமல் இருந்ததாகவே இரு தரப்பு ஆவணங்களும் சொல்கின்றன. எங்கள் பேக்கிங் பிரிவில், பெட்டி நுழைந்து செல்லும்போதே உள்ளிருக்கும் டேக்குகளைப் படிக்கும் டனல் ரீடரிலோ எல்லாப் பெட்டிகளும், ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள உருப்படிகளும் எண்ணிக்கை பிசகாமல் பதிவாகியிருக்கின்றன.

இந்தச் சமயத்தில் டேக் விற்கும் ஒருவர் வந்து, இப்போதுள்ள டேக்குகளை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம் என்றும், ஏ.இ.எஸ்.-128 என்ற மறையாக்கம் (என்கிரிப்ஷன்) உள்ள டேக்குக்கு மாறிவிட்டால் ஒருவராலும் ஏமாற்ற முடியாது என்றும் சொன்னார். விலையோ இப்போதையதைப் போலப் பல மடங்கு. முதலாளி என் கருத்தைக் கேட்டிருக்கிறார். சாதாரண டேக்கை நகலெடுப்பது உண்மையிலேயே எளிதா? மறையாக்கம் எதைக் காக்கிறது? சீல் உடையாமல் பெட்டி குறைவது எப்படி? இவற்றைத் தெரிந்துகொண்டால்தான் ஒரு பதில் எழுத முடியும் என்பதால் இங்கே கேட்கிறேன்.

அலைவாங்கி

கிடங்குகளில் ரீடர் பொருத்தும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் தங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஆம், நகலெடுக்கலாம், அதற்குப் பெரிய அறிவும் தேவையில்லை.

தங்கள் ஆடைகளில் இருப்பது ஐ.எஸ்.ஓ. 18000-63 தரத்தைப் பின்பற்றும் டேக். தொழிலில் இதை ஜென்-2 என்பார்கள். இந்தியாவில் இதற்கான 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005-இலேயே உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. லாரியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கும் இதே இனம்தான். டேக்கில் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, அந்த அலையையே கொஞ்சம் மாற்றித் திருப்பியனுப்பித் தன் எண்ணைச் சொல்கிறது. கேட்பவர் யார் என்று அது விசாரிப்பதில்லை. அதே தரத்தில் பேசும் எந்த ரீடர் கேட்டாலும் சொல்லிவிடும்.

அந்த எண்ணில் மறைவாக ஏதும் இல்லை. ஆடைகளில் பெரும்பாலும் எழுதப்படுவது 96 பிட் நீளமுள்ள இ.பி.சி. எண்: வாங்குநர் நிறுவனத்தின் குறியீடு, அந்த மாடல்-நிறம்-சைசுக்கான குறியீடு, அதன்பின் 38 பிட் வரிசை எண். இந்த அமைப்பு வெளிப்படையானது என்பதால், படித்த எண்ணைப் பிரித்து எந்த நிறுவனத்தின் எந்தச் சட்டை என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அந்த 96 பிட்டை ஒரு கைரீடரால் படித்து, கடையில் வாங்கிய வெற்று டேக்கில் எழுதிவிட்டால், தங்கள் டனல் ரீடருக்கு இரண்டும் ஒன்றே. எங்கள் பட்டறையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாள் பயிற்சியாகவே இதைச் செய்யச் சொல்வேன். தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுவார்கள்.

பலர் இங்கே ஒரு குழப்பத்தில் விழுகிறார்கள். டேக்குகளைப் பூட்டி வாங்கியிருக்கிறோமே என்பார்கள். பூட்டுவது என்றால் அந்த டேக்கில் உள்ள எண்ணைப் பிறர் மாற்றி எழுத முடியாமல் செய்வது. படிப்பதை அது தடுக்காது, படித்ததை வேறொரு டேக்கில் எழுதுவதையும் தடுக்காது. டேக்கில் 32 பிட் நீளத்தில் இரண்டு கடவுச்சொற்கள் உண்டு, ஒன்று திறப்பதற்கு, மற்றொன்று டேக்கை நிரந்தரமாகச் சாகடிப்பதற்கு. 32 பிட் என்றால் ஏறத்தாழ 429 கோடி சாத்தியங்கள். கேட்கப் பெரிதாகத் தோன்றினாலும் இன்றைய கணக்கில் அது சிறியது. கடவுச்சொல்லை அனுப்பும் முறையும் வலுவானதல்ல. டேக் முதலில் 16 பிட் தற்போக்கு (ரேண்டம்) எண் ஒன்றைத் தரும், ரீடர் அதைக் கடவுச்சொல்லின் ஒரு பாதியோடு கலந்து அனுப்பும். பக்கத்தில் நின்று இரண்டையும் கேட்பவருக்குக் கலவையைப் பிரிப்பது பள்ளிக்கணக்கு. டேக்கின் குரல் மிக மெல்லியது, ரீடரின் குரல் உரத்தது, ஆகவே தூரத்தில் இருப்பவருக்கு ஒரு பாதிதான் கேட்கும் என்பதே அந்த வடிவமைப்பின் நம்பிக்கை.

இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. டேக்கினுள் இருக்கும் ஒவ்வொரு சில்லிலும் (சிப்) தயாரிப்பு ஆலையிலேயே எழுதி மூடப்படும் டி.ஐ.டி. என்ற எண் ஒன்று உண்டு. நகல் டேக்கில் இ.பி.சி. ஒன்றாக இருந்தாலும் டி.ஐ.டி. வேறாக இருக்கும். டேக்கை ஆடையில் பொருத்தும்போதே இரண்டையும் சேர்த்துத் தரவுத்தளத்தில் பதிந்து, பின்னர் படிக்கும் இடங்களில் இரண்டையும் ஒப்பிட்டால் சாதாரண நகல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். கூடுதல் செலவு என்று பார்த்தால் மென்பொருள் வேலையும், ஒவ்வொரு டேக்குக்கும் இன்னொரு கட்டளை அனுப்புவதால் டனல் வேகம் சற்றுக் குறைவதும்தான். தங்கள் அளவுக்கு இது போதும் என்பது என் எண்ணம்.

மறைகுறி

அலைவாங்கி அவர்கள் சொன்னவற்றில் கடைசி வாக்கியத்தைத் தவிர மற்றவற்றை ஒப்புக்கொள்கிறேன். டி.ஐ.டி. ஒரு பெயர்ப்பலகை மட்டுமே. அதுவும் காற்றில் வெளிப்படையாகத்தான் செல்கிறது. டேக் போலவே பேசும் ஒரு சிறிய மின்சுற்றைச் செய்து, அதில் எந்த டி.ஐ.டி.யை வேண்டுமானாலும் சொல்ல வைக்கலாம். ஆய்வகங்களில் இதைப் பலமுறை செய்து காட்டியிருக்கிறார்கள். டி-ஷர்ட்டுக்காக ஒருவர் அவ்வளவு சிரமப்படுவாரா என்பது வேறு கேள்வி. ஆனால் "நகலெடுக்க முடியாது" என்ற சொல்லை டி.ஐ.டி.க்குப் பயன்படுத்தக் கூடாது.

இனி மறையாக்கம். விற்பனையாளர்கள் இச்சொல்லைப் பயன்படுத்தும்போது கேட்பவர் மனதில் எழுவது, எண்ணை யாரும் படிக்க முடியாதபடி பூட்டி வைத்திருப்பது என்ற படம். அப்படிச் செய்வதால் மட்டும் பயனில்லை. மறையாக்கம் செய்த எண்ணும் மாறாமல் ஒரே எண்ணாக இருந்தால், அதன் பொருள் புரியாமலேயே அப்படியே நகலெடுத்துவிடலாமே! உண்மையான பாதுகாப்பு தருவது கேள்வி-பதில் முறை. ரீடர் ஒவ்வொரு முறையும் புதிய தற்போக்கு எண் ஒன்றை டேக்கிடம் கொடுக்கும். டேக் தனக்குள் இருக்கும் இரகசியச் சாவியால் அதை மறையாக்கி விடை தரும். அதே சாவியை வைத்திருக்கும் சேவையகம் விடையைச் சரிபார்க்கும். சாவி ஒருபோதும் காற்றில் செல்லாது, நேற்றைய விடை இன்றைக்கு உதவாது. ஜென்-2 தரத்தின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கான கட்டளைகள் சேர்க்கப்பட்டன. எந்த மறையாக்க முறையைப் பயன்படுத்துவது என்பது ஐ.எஸ்.ஓ. 29167 வரிசையில் வருகிறது. அதன் 10-ஆம் பகுதி ஏ.இ.எஸ்.-128.

ஆனால் அந்தக் கட்டளைகள் யாவும் அந்தத் தரத்தில் விருப்பத்துக்குரியவை. "புதிய பதிப்பு டேக்" என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் உள்ளே மறையாக்கச் சுற்று இல்லாமலிருக்கலாம். டேக்கில் இருந்தாலும் ரீடருக்கு அந்தக் கட்டளை தெரியாமலிருக்கலாம். ஆகவே தங்களிடம் வந்தவரிடம் 29167-இன் எந்தப் பகுதி என்று கேளுங்கள். அவர் உடனே பதில் சொல்லவில்லை என்றால் அதுவே ஒரு பதில்.

ஏ.இ.எஸ். என்ற பெயரைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டாமன், வின்சென்ட் ரைமன் ஆகிய இருவரின் வடிவமைப்பைத் திறந்த போட்டியில் அலசி, 2001-இல் அமெரிக்காவின் தர நிறுவனம் ஏற்றுக்கொண்டது. இன்றுவரை அதை நேராக உடைத்தவர் இல்லை. இந்தத் துறையில் உடைபட்டவற்றில் பல, நிறுவனங்கள் வீட்டுக்குள் வைத்து இரகசியமாகச் சமைத்தவை. ரீடரில் காட்டிப் பயன்படுத்தும் மைஃபேர் கிளாசிக் அட்டைகளில் இருந்த கிரிப்டோ-1 என்ற மறையாக்க முறை அப்படிப்பட்டது: 48 பிட் சாவி, வெளியிடப்படாத முறை. 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில் கார்ஸ்டன் நோலும் ஹென்ரிக் புளோட்ஸும் சில்லை அடுக்கடுக்காகத் தேய்த்து நுண்ணோக்கியில் படித்து அதன் உள்ளமைப்பைக் கண்டுபிடித்ததை அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தினர் முழுமையாக உடைத்துக் காட்டியபோது, கட்டுரை வெளியாகக் கூடாது என்று சில்லுத் தயாரிப்பு நிறுவனம் நீதிமன்றம் போனது, நீதிமன்றம் மறுத்துவிட்டது. இலண்டனின் ஆய்ஸ்டர் அட்டையும் நெதர்லாந்தின் போக்குவரத்து அட்டையும் அப்போது அந்தச் சில்லில்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஆகவே "எங்கள் சொந்த மறையாக்கம்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

விலையை விட நான் கவலைப்படுவது சாவியைப் பற்றித்தான். எல்லா டேக்கிலும் ஒரே சாவி இருந்தால், ஒரு டேக்கை உடைத்தவர் எல்லாவற்றையும் உடைத்தவர் ஆவார். எனவே மூலச்சாவி ஒன்றை வைத்துக்கொண்டு, அதிலிருந்தும் டேக்கின் எண்ணிலிருந்தும் ஒவ்வொரு டேக்குக்கும் தனிச்சாவி உருவாக்க வேண்டும். அந்த மூலச்சாவியை யார் வைத்திருப்பது? டேக் அச்சிடும் நிறுவனமா, தாங்களா, வாங்குநரா? தங்கள் பேக்கிங் பிரிவிலும் வாங்குநரின் கிடங்கிலும் கடையிலும் சரிபார்க்க வேண்டுமென்றால் அத்தனை இடங்களுக்கும் சாவியையோ சரிபார்க்கும் சேவையையோ கொண்டுசெல்ல வேண்டும். வாங்குநர் ஒத்துழைக்காமல் தாங்கள் மட்டும் ஏ.இ.எஸ். டேக் வாங்கினால், மறுமுனையில் அதைச் சாதாரண டேக்காகவே படிப்பார்கள். கொடுத்த கூடுதல் பணம் வீண்.

வேகத்தையும் மறந்துவிடக் கூடாது. அலையிலிருந்து உறிஞ்சும் சொற்ப மின்சாரத்தில் அந்தச் சில்லு கணக்குப் போட வேண்டும். படிக்கும் தூரம் குறையும், ஒவ்வொரு டேக்குக்கும் நேரம் கூடும். ஒரு பெட்டிக்குள் நாற்பது உருப்படிகளைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எண்ணும் டனலில் நாற்பதையும் கேள்வி-பதில் முறையில் சரிபார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. எண்ணுவதற்கு ஒரு வழி, சந்தேகம் வந்தால் சரிபார்க்க ஒரு வழி என்று பிரித்துக்கொள்வார்கள்.

துறைமுகவாசல்

சுங்கத் தரகர் அலுவலகத்தில் பணியாற்றுகிறேன். மூன்றாவது கேள்வி என் பக்கத்தது.

முன்பு தொழிற்சாலையில் சரக்கு ஏற்றும்போது கலால் அலுவலர் வந்து பார்த்துச் சீல் வைப்பார். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த முறையை எடுத்துவிட்டு, ஏற்றுமதியாளரே சீல் வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். அதற்கு ஈடாகத்தான் ஆர்.எஃப்.ஐ.டி. சீல் கட்டாயமானது. இயந்திர வலிமைக்கு ஐ.எஸ்.ஓ. 17712 தரத்தின் உயர்பாதுகாப்பு வகையாகவும், அலைவரிசைப் பகுதி ஜென்-2 தரத்திலும் இருக்க வேண்டும் என்பது விதி. சீல் எண், ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான சுங்க ஆவணம்) எண், கன்டெய்னர் எண், லாரி எண், சீலிட்ட நாளும் நேரமும் ஆகியவற்றை ஏற்றுமதியாளர் பதிவேற்றுகிறார்; துறைமுகத்தில் ரீடரால் படித்து ஒப்பிடுகிறார்கள். அதாவது நம்பிக்கை முழுவதும் அந்தப் பதிவில் இருக்கிறது. சீலுக்குள் இருக்கும் சில்லு தன் எண்ணைச் சொல்வதோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

சீல் உடையாமல் கதவு திறக்குமா என்றால், திறக்கும். போல்ட் சீல் கதவின் கைப்பிடியோடு இருக்கும் ஒரு வளையத்தில் மாட்டப்படுகிறது. அந்தக் கைப்பிடியைக் கதவுத்தண்டோடு பிணைத்திருக்கும் ரிவெட்டையோ போல்ட்டையோ கழற்றிவிட்டால், சீல் தன் இடத்திலேயே தொங்கிக்கொண்டிருக்க, கதவு தாராளமாகத் திறக்கும். எடுக்க வேண்டியதை எடுத்து, அல்லது வைக்க வேண்டியதை வைத்து, ரிவெட்டை மறுபடி அடித்துப் பெயின்ட் தடவினால் வாசலில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. கிழக்குத் தொடர்ச்சி மலைச் செம்மரம் ஏற்றுமதிச் சரக்கின் பெயரில் கன்டெய்னருக்குள் போய்ப் பிடிபட்ட செய்திகளைத் தென்னகத் துறைமுகங்களில் வேலை செய்பவர்கள் அடிக்கடி படித்திருப்போம். சீலைத் தொடாமலே உள்ளே இருப்பதை மாற்றும் கைவேலை அந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ், பிறகு ஆர்கோன் ஆய்வகங்களில் ரோஜர் ஜான்ஸ்டன் குழுவினர் நூற்றுக்கணக்கான சீல்களைச் சோதித்து, விலை உயர்ந்தவை உட்பட ஏறக்குறைய எல்லாவற்றையும் எளிய கருவிகளால் தடயமின்றித் தாண்டிவிட முடிவதைக் காட்டினார்கள். இதில் ஏ.இ.எஸ். என்ன செய்யும்? ரிவெட்டுக்குச் சாவி தெரியாது.

ஆகவே சீல் போடுமுன் கைப்பிடி ரிவெட்டுகளையும் கீல்களையும் படமெடுத்து வையுங்கள். சீலைப் பார்த்து, எண்ணைச் சரிபார்த்து, இழுத்து, திருகிப் பார்க்கும் வழக்கத்தை ஏற்றும் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். கதவுகளின் நடுவில் இருக்கும் இரு தண்டுகளையும் சேர்த்துக் கட்டும் கேபிள் சீல் ஒன்றைக் கூடுதலாகப் போட்டால் ரிவெட் வேலை கடினமாகும். செலவு ஒரு தேநீர்க்கடைக் கணக்குதான்.

தங்கள் லாரி வழியில் எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்பதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். மதுரையைத் தாண்டித் தூத்துக்குடிச் சாலையில் எலியார்பத்தியிலும் புதூர் பாண்டியாபுரத்திலும் சுங்கச்சாவடிகள் இருக்கின்றன. ஃபாஸ்டேக் கணக்கின் விவரத்தை லாரி உரிமையாளரிடம் கேட்டு வாங்கினால் இரண்டு சாவடிகளையும் கடந்த நேரம் நிமிடக் கணக்கில் கிடைக்கும். வழக்கமான நேரத்தைவிட மூன்று மணிநேரம் கூடியிருந்தால் அங்கிருந்து விசாரணையைத் தொடங்கலாம். எடையால் கண்டுபிடிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். 2016 ஜூலை முதல் எந்த ஏற்றுமதிக் கன்டெய்னரும் சரிபார்த்த மொத்த எடை இல்லாமல் கப்பலேற முடியாது என்பது உண்மை. ஆனால் தங்கள் மூன்று பெட்டிகளின் எடை லாரியின் டீசல் கூடுதல் குறைவிலேயே மறைந்துபோகும்.

உறைமருந்து

பேச்சு திருட்டை நோக்கியே போவதால் மறையாக்கம் வீண் என்ற எண்ணம் ஏற்பட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சுருக்கமாக ஒன்று. மருந்துத் துறையில் எங்கள் அச்சம் பெட்டி குறைவதைப் பற்றியதல்ல, போலி கலந்துவிடுவதைப் பற்றியது. 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவில் 300 மருந்துப் பெயர்களுக்குப் பார்கோடோ கியூ.ஆர். குறியோ கட்டாயம், ஆனால் கியூ.ஆர். குறியை ஒளிப்படம் எடுத்தே நகலெடுத்துவிடலாம். விலை உயர்ந்த பொருள்களில் என்.எஃப்.சி. டேக் வைத்து, கைப்பேசியால் தொடும்போதெல்லாம் ஓர் எண்ணிக்கையும் ஏ.இ.எஸ். சாவியால் உருவாக்கிய புதிய குறியும் சேர்ந்த இணைய முகவரி ஒன்றை அந்த டேக்கே தரும் முறை இப்போது கிடைக்கிறது. பழைய முகவரியை நகலெடுத்தவர் மாட்டிக்கொள்வார். வாங்குபவருக்குத் தனி ரீடர் தேவையில்லை. பொருளைவிட டேக்கின் விலை மிகச் சிறியதாக இருக்கும் இடத்தில் அது சரி. வாங்குநரின் பெயரில் போலி ஆடை வருவது அவருடைய கவலை. அவர் கேட்டு, அவர் பணம் தந்தால் தாங்கள் வையுங்கள்.

நூலிழை

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. கடந்த பத்து நாட்களில் நடந்ததைச் சொல்கிறேன்.

விற்பனையாளரிடம் 29167-இன் எந்தப் பகுதி என்று கேட்டேன். "அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்று போனவர் இன்னும் சொல்லவில்லை. வாங்குநரின் தர அலுவலகத்துக்கும் எழுதினேன். டேக்கின் வகையை மாற்ற அவர்கள் அனுமதி வேண்டும் என்றும், அவர்கள் கிடங்கில் மறையாக்கத்தைச் சரிபார்க்கும் வசதி இல்லை என்றும் பதில் வந்தது. ஃபாஸ்டேக் விவரத்தை வாங்கிப் பார்த்ததில் லாரி வழக்கமான நேரத்திலேயே இரு சாவடிகளையும் கடந்திருக்கிறது.

அதன் பிறகுதான் எங்கள் பக்கத்தையே ஒழுங்காகப் பார்த்தேன். டனலில் எண்ணுவது பெட்டி மூடியவுடன். அதற்குப் பின் பெட்டிகள் ஃபினிஷ்டு கூட்ஸ் கிடங்கில் இரண்டு, மூன்று நாட்கள் அடுக்கி வைக்கப்படுகின்றன. கன்டெய்னர் வரும் நாளில், பெரும்பாலும் இரவில், ஏற்றுபவர்கள் அடுக்கடுக்காக எண்ணித் தாளில் கோடு போடுகிறார்கள். அந்தத் தாளைத் தேடி எடுத்துப் பார்த்ததில் ஓர் இடத்தில் ஐந்தைந்தாகப் போட்ட கோடுகள் கடைசி வரிசையில் மட்டும் வேறு மையில், வேறு கையெழுத்தில் இருந்தன. அதே வாங்குநரின் அடுத்த ஆர்டருக்கான அடுக்கைப் பிரிக்கச் சொன்னேன். குறைந்ததாகச் சொன்ன மூன்றில் இரண்டு பெட்டிகள் அங்கே இருந்தன. மூன்றாவது இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்காது என்றே நினைக்கிறேன்.

ஆகவே ஏற்றும் வாசலில் ரீடர் ஒன்று வைத்து, கன்டெய்னருக்குள் போகும் பெட்டிகளை அங்கே இன்னொரு முறை படித்து, பேக்கிங் பதிவோடு ஒப்பிட்டுப் பொருந்தினால் மட்டுமே சீல் எண்ணைப் பதிவேற்றுவது என்று முதலாளியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். டி.ஐ.டி.யையும் பதிவது இரண்டாம் கட்டம். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. சோதனைக்கு ஒரு கைரீடரை வாசலில் வைத்துப் பார்த்தபோது, ஏற்றாத பெட்டிகளில் உள்ள டேக்குகளும் சேர்ந்து பதிவாகின்றன. கன்டெய்னரின் இரும்புச் சுவரில் பட்டு அலை திரும்புகிறதோ என்னவோ, பத்தடி தள்ளி நிற்கும் அடுக்குகூட உள்ளே போனதாகக் காட்டுகிறது. இதை எப்படிச் சமாளிப்பது?

அலைவாங்கி

தாங்கள் கண்டது சரிதான், இரும்பு இருக்கும் இடத்தில் இது எப்போதும் நடக்கும். கைரீடரை வைத்து வாசலைச் சோதிக்கக் கூடாது. அதன் ஆன்டெனா எங்கு பார்க்கிறது என்பது பிடித்திருப்பவரின் கையைப் பொறுத்தது. வாசலின் இரு பக்கமும் நிலையான ஆன்டெனாக்களை உள்நோக்கிச் சற்றே சாய்த்து வைத்து, திறனை முழு அளவில் விடாமல், வாசலில் இருக்கும் பெட்டி மட்டும் பதிவாகும் அளவுக்குப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். காத்திருக்கும் அடுக்கைக் குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி வையுங்கள். இடம் இல்லையென்றால் நடுவில் உலோகத் தட்டியோ கம்பிவலையோ நிறுத்தினாலே பெருமளவு நின்றுவிடும்.

வாசலில் ஒவ்வொரு ஆடையையும் படிக்க முயலவும் வேண்டாம். கார்ட்டனில் இப்போது பார்கோடு மட்டும் ஒட்டுகிறீர்கள். அதே ஸ்டிக்கரில் ஒரு டேக்கையும் வைத்து அச்சிடும் பிரின்டர்கள் கிடைக்கின்றன. பெட்டிக்கு ஒரு டேக் என்றால் வாசலில் படிக்க வேண்டியவை சில நூறாகக் குறையும். ஒரு டேக் வாசலைக் கடக்கும்போது அதன் சமிக்ஞை ஏறி, உச்சத்தைத் தொட்டு, இறங்கும். அடுக்கில் நிற்கும் டேக் ஒரே மட்டத்தில் முனகிக்கொண்டிருக்கும். இந்த வேறுபாட்டை வைத்துப் பிரிக்கும் வசதி நல்ல ரீடர் மென்பொருள்களில் உண்டு. முதல் இரண்டு கன்டெய்னர்களுக்குத் தாளில் கோடு போடுவதையும் நிறுத்தாதீர்கள். இரண்டு கணக்கும் முட்டிக்கொள்ளும் இடத்தைப் பார்த்தால்தான் ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரியும். மழைக்காலத்தில் நனைந்த அட்டைப்பெட்டிகளுக்குத் தனியாக ஒரு முறை அளந்து பாருங்கள், ஈரம் அலையைக் குடித்துவிடும்.